லெட்ஜரைத் திறந்தால்தான் தெரியும்

பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார்: “நீங்க வச்சிருக்கிற புரோக்கர்கிட்ட டெலிவரிக்கு புரோக்கரேஜ் கிடையாதாமே, நானும் அங்கேயே டீமேட் தொடங்கட்டுமா?”

டெலிவரி என்றால் பங்கை வாங்கி டீமேட்டில், அதாவது பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கில், வைத்திருப்பது. புரோக்கரேஜ் என்பது புரோக்கரின் கமிஷன். சில வருடங்களாக அந்த புரோக்கரின் செயலியைத்தான் பயன்படுத்துகிறேன். சந்தை ஆடுகிற நாளிலும் ஆர்டர் சட்டென்று போகிறது. விற்ற பணம் அடுத்த வேலை நாளே வந்துவிடுகிறது. இதிலெல்லாம் குறையே இல்லை. என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: டிபி சார்ஜ்.

பங்கை விற்ற அன்று மாலை கான்ட்ராக்ட் நோட், அதாவது அன்றைய வியாபாரத்துக்கான பில், வரும். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.1 சதவீதம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். டிபி சார்ஜ் மட்டும் அதில் இருக்காது. அது டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போவதற்கான கட்டணம் என்பதால் புரோக்கரிடம் உள்ள நம் வரவு-பற்றுக் கணக்கான லெட்ஜரில் தனியாகப் பிடிப்பார்கள். விதிப்படி தப்பில்லை. ஆனால் விற்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அதையும் காட்டினால் என்ன? ஒரு பங்கை விற்றாலும் ஆயிரம் விற்றாலும் அதே தொகை. ஒரு நிறுவனப் பங்குக்கு நாளொன்றுக்கு ஒரு தடவை. இன்று பத்து, நாளை பத்து என்று பிரித்து விற்றால் இரண்டு தடவை. லெட்ஜரில் அந்த வரிக்கு எதிரே எந்தப் பங்கு என்றுகூட இவர்கள் போடுவதில்லை.

புரோக்கரிடம் இருக்கும் நம் பணமும் இதே கதைதான். பயன்படுத்தாத பணத்தை மாதமோ காலாண்டோ, நாம் தேர்ந்தெடுத்தபடி, வங்கிக்குத் திருப்ப வேண்டும் என்பது செபி விதி. நல்ல விதி, நம் பணம் அங்கே சும்மா கிடக்காது. ஆனால் செயலியின் முகப்பில் தொகை குறைந்துவிடும், காரணம் லெட்ஜருக்குள் இருக்கும். டிவிடெண்ட் நேரே வங்கிக்குப் போவதால் அதுவும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே தேதி, வரவு, பற்று, எதற்கு என்று நானே ஒரு ஷீட் வைத்திருக்கிறேன்.

நண்பருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இருப்பது ஒரே டீமேட்டாக இருந்து, மதிப்பும் 4 லட்சத்துக்குள் இருந்தால், அடிப்படைச் சேவைக் கணக்கில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 2024 செப்டம்பரிலிருந்து இந்த வரம்பு.

ஆனாலும் அவர் மாதாமாதம் நாலைந்து பங்காக விற்றுக் கைச்செலவுக்கு எடுக்க நினைப்பவர். புரோக்கரேஜ் இல்லை என்ற லாபத்தை டிபி சார்ஜ் தின்றுவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் வருடத்துக்கு ஓரிரு முறை மொத்தமாக விற்கிறவன், அதனால் அங்கேயே இருக்கிறேன்.