யூரியா எப்போது போடுவது? சம்பா வயலில் இலை வண்ண அட்டையோடு சில பருவங்கள்

காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. களிமண் பூமி. சம்பாவுக்குப் பெரும்பாலும் வெள்ளைப் பொன்னி, சில வருடம் பி.பி.டி. 5204. மேலுரம் எப்போது போடுவது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பக்கத்து வயல்காரர் போடும்போது. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தால் நமக்கும் கை பரபரக்கும்.

இலை வண்ண அட்டை அந்தப் பரபரப்பைத்தான் முதலில் அடக்கியது. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பட்டை. வெளிர் மஞ்சட்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை கட்டம் கட்டமாக வண்ணம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இலையில் பச்சை கூடினால் தழைச்சத்து போதுமான அளவு இருக்கிறது, வெளிறினால் குறைகிறது. இதை எண்ணாகச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் உரம் போடுவது என்றால், வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4 என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு.

நட்டு 14 நாள் ஆனதும் பார்க்கத் தொடங்கி, வாரம் ஒருமுறை, பூக்கும் வரை பார்ப்பேன். காலை எட்டிலிருந்து பத்துக்குள் போய்விட வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, நம் நிழலை அட்டை மேல் விழவைக்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் எந்த இலையும் ஒரு எண் வெளுத்துத் தெரியும். உச்சியில் முழுசாக விரிந்த இலையைப் பிய்க்காமல், அதன் நடுப்பகுதியை அட்டை மேல் வைத்துப் பார்க்கிறேன். பனி ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுத்தான். வரப்போரத்தை விட்டு உள்ளே நடந்து, அங்கொன்று இங்கொன்றாகப் பத்து இலை. அதில் ஆறோ அதற்கு மேலோ அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் உரம், இல்லையென்றால் அடுத்த வாரம்.

சம்பாவுக்கு நான் பின்பற்றுவது ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்குப் பார்த்தால் 12 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால், இது சுமார் 26 கிலோ யூரியா. மூட்டை 45 கிலோ. ஊரில் ஏக்கருக்கு மூட்டையாகக் கொட்டுவதற்குப் பயிர் காரணமே இல்லை, மீதி வைத்தால் மழைக்காலத்தில் கட்டியாகிவிடும் என்பதுதான் காரணம். நான் மீதியைப் பெயின்ட் வாளியில் போட்டு இறுக்கி மூடி வைக்கிறேன். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாமல் அட்டையால் பாதிப் பயன்தான்.

விளைச்சல் எகிறியதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. முன்பு எடுத்த அளவைத்தான் எடுக்கிறோம். உர மூட்டை குறைந்தது, அதைவிட மருந்துச் செலவு குறைந்தது. தழைச்சத்து மிஞ்சினால் இலை கொழகொழவென்று மென்மையாக வளரும். இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் எல்லாவற்றுக்கும் அது விருந்து. வெள்ளைப் பொன்னி உயரமான ரகம் வேறு, கொழுத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றுக்கு நிற்காது. ஒரு பருவத்தில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதிருந்தோம். முதல் மேலுரத்துக்கு எல்லாரும் கிளம்பிய நாளில் அட்டை 4-ஐக் காட்டியது. போடவில்லை. எதிர் வயல் சித்தப்பா, “என்னடா தம்பி, கடையில யூரியா தீர்ந்துடுச்சா?” என்றார். அட்டையை நீட்டினேன், வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பொம்மையா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த சம்பாவில் அவரே வந்து இரவல் கேட்டது தனிக் கதை.

இனி குறைகள். அட்டைக்குப் பச்சை தெரியும், பச்சை ஏன் குறைந்தது என்று தெரியாது. தழைச்சத்து பற்றாவிட்டால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், கந்தகச் சத்து பற்றாவிட்டால் குருத்துப் பக்கம் வெளிறும். நாம் அட்டையில் வைப்பதோ மேல் இலை. அதனால் எண் குறைந்தாலும் உடனே யூரியா பக்கம் போகாமல், குனிந்து அடி இலையைப் பார்த்துவிடுவேன். துரு பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி இருந்தால் அது துத்தநாகக் குறை. அங்கே யூரியா கொட்டுவது வீண்.

அப்புறம் ஆள் மாறக் கூடாது. என் கண்ணுக்கு 3 என்றால் மனைவி கண்ணுக்கு மூன்றரை. ஒரு பருவம் முழுக்க ஒருவரே பார்ப்பது உத்தமம்.

அட்டை போடச் சொன்னாலும் வயலில் முழங்கால் தண்ணீர் நின்றால் போடுவதில்லை. மழை விட்டு, நீரை வடித்து, மெல்லிசாக வைத்துக்கொண்டுதான் போடுவது. அப்போது யூரியா ஐந்து பங்குக்கு ஜிப்சம் நான்கு, வேப்பம்புண்ணாக்கு ஒன்று என்று கலந்து ஒரு இரவு வைத்திருந்து தூவுகிறேன். இப்போது வரும் யூரியாவே வேம்பு பூசியதுதானே என்பார்கள். இருக்கட்டும், ஜிப்சத்தில் கந்தகமும் சேர்ந்து கிடைக்கிறதே.

எனக்குப் பெரிய எரிச்சல் அட்டை மேல் இல்லை, கடை மேல்தான். 26 கிலோ போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால், யூரியாவோடு ஏதாவது ஒரு டானிக் டப்பாவையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்கிறார்கள். அவசரத்துக்குச் சில தடவை வாங்கியும் இருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: விலை அதிகமில்லை. ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு வண்ணம் கொஞ்சம் வேறுபடுகிறது, இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டாம். என்னுடைய முதல் அட்டை மோட்டார் கொட்டகை ஜன்னலில் கிடந்தே வெளுத்துவிட்டது. இப்போதிருப்பது வீட்டில், வங்கிப் புத்தகத்தோடு பீரோவில் இருக்கிறது.