நாலாம் வருடக் களைக்கு யார் காசு கொடுப்பது?

காட்டைப் புதராய் மூடும் களையான உண்ணிச்செடியை (லேண்டானா) பிடுங்கியவர்களுக்குத் தெரியும், கையில் ஏறிய அந்த வாடை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. சில வருடங்களுக்கு முன் நீலகிரி கூடலூர்ப் பக்கம், வனத்துறை அனுமதியோடு நடந்த ஒரு களையெடுப்புக்குப் பதினைந்து பேர் போயிருந்தோம். நான் அரிவாளால் ஒரு புதரைத் தரையோடு வெட்டிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். கூட இருந்த குறும்பர் பெரியவர் சிரித்தார். "வெட்டினா அதுக்குச் சந்தோஷம் தம்பி" என்றார். கடப்பாரையைச் சாய்த்துத் தரைக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் விட்டு, ஆணிவேரை அறுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் மண்ணைத் தொடாது, காய்ந்துவிடும்.

மதியத்துக்குள் ஒரு வீட்டுமனை அளவுக்கு இடம் வெளுத்தது. படம் எடுத்துக்கொண்டோம். கிளம்பும் நேரத்தில் அவர் நடுவில் நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். "இதுல குருவி உக்காரும். உண்ணிப் பழத்தைத் தின்னுட்டு வந்து எச்சம் போடும். மழை பெஞ்சா அடியில கன்னு கன்னா மொளைக்கும். அடுத்த வருஷமும் வாங்க, அதுக்கடுத்த வருஷமும் வாங்க." நான் போகவில்லை. மற்ற பதினான்கு பேர் போனார்களா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

பொதுக்காட்டைச் சீராக்க மக்களிடம் பணம் திரட்டும் வழிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மரம்தான் கண்முன் வருகிறது. முதல் வருடத்துக்குப் பணம் எப்படியாவது வந்துவிடும். கன்றுக்கு, குழிக்கு, ஃபிளெக்ஸ் போர்டுக்கு, திறப்பு விழா சால்வைக்குக்கூட வரும். நாலாம் வருடம் அதே இடத்தில் மறுபடி களை பிடுங்கவும், வெயில் ஏறுவதற்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் கேட்டால் கொடுப்பவர்கள் ஃபோனை எடுப்பதில்லை. ஆகவே நடைமுறையில் இருக்கும் வழிகளை எல்லாம் இந்த ஒரே கேள்வியை வைத்து அலசுகிறேன். அரசு பட்ஜெட் இதில் சேர்த்தி இல்லை.

டிக்கெட் காசு

தேக்கடி கதை தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை. 1990களில் பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் வயணா மரப் பட்டையை உரித்துக் கடத்திக்கொண்டிருந்தார்கள். லவங்கப்பட்டை மரத்தின் காட்டு உறவு அது. வனத்துறை அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு பேச்சுவார்த்தைக்கு வந்தது: வழக்கை நாங்கள் கைவிடுகிறோம், காட்டைக் காக்க நீங்கள் வாருங்கள். உலக வங்கி உதவியில் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அவர்கள் ஒரு குழுவானார்கள். எந்தச் சரிவில் எந்தப் பாதை, யார் எங்கே பதுங்குவார்கள் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? இன்று சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் இரவு தங்க அழைத்துப்போகும் நடைப்பயணம் அந்தக் குழுவோடு தொடங்கியதுதான். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து காட்டுக்குள் புகுந்து பழகியவர்களுக்கும் 'தமிழ் டிராக்கர்ஸ்' என்று தனிக் குழு உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது மனம் திருந்திய கதையை அல்ல, அது சினிமாவுக்கு ஆகும். 2004இல் உலக வங்கித் திட்டம் முடிந்தது. வழக்கமாக அந்த இடத்தில்தான் ஜீப்பும் போர்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். அங்கே அதே ஆண்டு 'பெரியார் ஃபவுண்டேஷன்' என்ற அறக்கட்டளையை அமைத்தார்கள். பயணிகள் கட்டும் கட்டணத்தோடு சூழல் மேம்பாட்டுக்கென்று தனியாக ஒரு தொகை வசூலித்து, அது பொதுக் கருவூலத்தில் கரையாமல் அங்கேயே நிற்கும்படி செய்தார்கள். இந்த ஏற்பாடு பிடித்துப்போய், 2006இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது 38எக்ஸ் என்ற பிரிவைச் சேர்த்து, புலிகள் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும் என்றே எழுதிவிட்டார்கள். முதுமலைக்கும் ஆனைமலைக்கும் இன்று அறக்கட்டளை இருப்பது இதனால்தான்.

குமுளியில் 'வசந்த சேனா' என்று ஒரு பெண்கள் அணியும் இருக்கிறது. 2002 முதல் தினம் சிலர் முறை வைத்துச் சந்தனக் காட்டைச் சுற்றிவருகிறார்கள், கூலி வாங்காமல். டிக்கெட் காசைப் பற்றிப் பேசும் இடத்தில் இவர்கள் கணக்கு இடிக்கும், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, குறை என்ன? டிக்கெட் காசு ஆள் வந்தால்தான் வரும். 2018 வெள்ளத்தில் கேரளத்துக்கு வர ஆள் யோசித்தார்கள். 2020 ஊரடங்கில் கவுண்டரையே மூடினார்கள். களைக்கு ஊரடங்கு கிடையாது. அதைவிடப் பெரிய குறை, யானையும் ஏரியும் இருக்கும் காட்டுக்குத்தான் இது ஓடும். திண்டுக்கல் பக்கத்து முட்காட்டைப் பார்க்க யார் முன்பதிவு செய்வார்கள்?

சின்ன அளவில் பார்க்க வேண்டுமென்றால் காரமடைக்கு மேலே பரளிக்காடு இருக்கிறது. பில்லூர் அணையின் தேக்கத்தில் இருளர் இளைஞர்கள் பரிசல் ஓட்டுகிறார்கள், மதியம் பெண்கள் ராகிக் களியும் கீரையும் பரிமாறுகிறார்கள். வார இறுதியில் போனால் பரிசலுக்கு வரிசை நிற்கும். எனக்கு அங்கே பிடித்தது, காசு யார் கையில் விழுகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரிவது.

காட்டை விற்றுக் காட்டுக்குப் போடுவது

நேபாளம் இதில் மூத்த அண்ணன். 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு அரசுக் காட்டைக் கிராமப் பயனர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். நிலம் அரசுடையது, விறகும் மரமும் புல்லும் குழுவுடையது. இப்போது 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. வருமானத்தில் குறைந்தது 25 சதவீதத்தைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்று விதி. 1992இல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 சதவீதம் ஆனது. வயலை விட்டுவிட்டு வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆட்கள் போனதும் இதற்கு ஒரு காரணம். அதை மறைத்துவிட்டுக் குழுக்களுக்கே மாலை போடுவது நியாயமில்லை.

நம் உரைகல்லில் அந்த 25 சதவீத விதி நன்றாகவே மின்னுகிறது. நாலாம் வருடச் செலவு நன்கொடையாளரின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தராய் எனும் தெற்குச் சமவெளியில் விலைபோகும் சால மரம் வைத்திருக்கும் குழுவும், மலைமேல் புதர் மட்டும் கிடைத்த குழுவும் ஒன்றல்ல. காடு எங்கே அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கே விற்க ஒன்றும் இருக்காது, சீராக்கும் செலவோ அங்கேதான் அதிகம்.

இந்தியாவில் இதற்குச் சொல்ல வேண்டிய பெயர் மெந்தா லேகா. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்துக் கோண்டு கிராமம். வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. உரிமைப் பத்திரம் கைக்கு வந்தும் வெட்டிய மூங்கிலை ஊர் எல்லை தாண்டி எடுத்துப்போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அது கிடைக்க 2011 ஏப்ரல் ஆயிற்று, மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மூங்கில் கட்டுக்கு மத்திய அமைச்சர்! இந்த வழியில் போக நினைப்பவர்கள் மூங்கில் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு வருடக் காத்திருப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

களையே சரக்கானால்

முதுமலையில் மஞ்சள் கொன்றை என்று ஒரு மரம் பரவியிருக்கிறது. நம் சரக்கொன்றை இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்குக் கொண்டுவந்த வேறு மரம். வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளை விடும். இதைக் கூழாக்க, புகளூரில் இருக்கும் டி.என்.பி.எல். காகித ஆலைக்கு வெட்டிக் கொடுக்க அரசு அனுமதித்தது. வனத்துறை செலவு செய்து அகற்ற வேண்டிய களைக்கு ஆலை காசு கொடுக்கிறது என்றால் கேட்கவே இனிக்கிறது.

எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ஆலைக்கு வேண்டியது லாரியில் ஏற்றத் தகுந்த மரம். அடுத்த மழையில் அதே இடத்தில் விரல் உயரத்துக்கு முளைக்கும் ஆயிரம் கன்று எந்த ஆலைக்கும் வேண்டாம். ஆகப் பெரிய மரத்துக்கு விலை இருக்கிறது, கன்றுக்குக் கூலி இல்லை. பிடுங்க யாரும் வராவிட்டால் அது சில வருடத்தில் மறுபடி ஆலைக்கான சரக்காக நிற்கும்.

உண்ணிச்செடியின் கதை கொஞ்சம் வேறு. இந்தியப் புலிகளின் வாழிடத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அது ஆக்கிரமித்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கூடலூரில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் அதன் தண்டை வேகவைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து முழு உருவ யானைகள் செய்கிறார்கள். 2024இல் அப்படி 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் கடற்கரை ஓரம் நின்றன, பிறகு நியூயார்க் போயின. அழகு, சந்தேகமில்லை. கைவினைஞர்களுக்குக் கூலி, மனித விலங்கு மோதலைக் குறைக்கும் வேலைகளுக்குப் பணம், இரண்டும் கிடைக்கிறது. ஆனால் நூறு யானைக்குத் தேவையான தண்டு, காட்டில் இருக்கும் உண்ணிச்செடிக்கு முன் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதைக் களை ஒழிப்பு என்று எழுதும் பத்திரிகைக் குறிப்புகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. இது ஒரு நல்ல பிழைப்பு, அப்படியே சொன்னால் போதாதா?

கம்பெனிப் பணம்

இதை நீட்ட வேண்டியதில்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பல வருடம் நீளும் திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டு போக அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் கணக்கு. சோலையும் புல்வெளியும் மீள எத்தனை வருடம் ஆகும் என்று சட்டம் எழுதியவர்கள் உதகையில் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டிருக்கலாம்.

2023இல் வந்த பசுமைக் கிரெடிட் திட்டம் இன்னும் வேடிக்கை. முதல் விதிப்படி, கெட்டுப்போன வனநிலத்தில் மரம் நட நிறுவனம் பணம் கட்டும், மரத்துக்கு ஒரு கிரெடிட், அதாவது ஒரு மதிப்புப் புள்ளி, வாங்கும், ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம். நீலகிரியில் வெளியிலிருந்து வந்த சீகையையும் (வேட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) எடுத்துவிட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மீட்பு. அங்கே போய் 1,100 மரம் நட்டால்? எதிர்ப்புக்குப் பிறகு 2025இல் விதியை மாற்றி, ஐந்து ஆண்டு கழித்துப் பிழைத்த மரங்களையும் விதான அடர்த்தி (மேலே கிளைகள் மூடிய அளவு) 40 சதவீதம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக் கிரெடிட் தருவதாகச் சொன்னார்கள். நாலாம் வருடத்தைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள் என்ற வரையில் முன்னேற்றம். புல்வெளிக்கு அதிலும் இடமில்லை.

வீட்டுக்கு வீடு

உத்தராகண்டின் வனப் பஞ்சாயத்துகள் இதில் பழையவை. ஆங்கிலேயர் குமாவூன் காடுகளை அடைத்ததற்கு எதிராக 1921இல் மக்கள் காட்டுக்குத் தீ வைத்தார்கள். அந்த நெருப்பின் பலனாக 1931இல் விதிகள் வந்தன. கிராமமே காட்டைப் பார்த்துக்கொள்ளும். பல ஊர்களில் காவலாளுக்கு வீட்டுக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு ரூபாய் என்று வசூலித்துக் கூலி கொடுத்தார்கள். நம் ஊரில் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் அளந்ததைப் போலத்தான். 2001, 2005 விதி மாற்றங்களில் வனத்துறையின் பிடி இறுகியது, தானியம் அளக்கும் வழக்கமும் தேய்ந்துகொண்டு வருகிறது.

இதன் நகரத்து வடிவம் அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கிறது. 2010இல் ஊருக்கு மேலே ஷூல்ட்ஸ் தீ. மரம் எரிந்த சரிவில் மழை பெய்ததும் சாம்பலும் சேறுமாக வெள்ளம் ஊருக்கு வெளியே அடிவார வீடுகளுக்குள் வந்தது. 2012 நவம்பரில் நகரம் வாக்கெடுப்பு நடத்தியது: 1 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு, ஊருக்கு மேலிருக்கும் காட்டில் தீ பரவாமலிருக்க மர அடர்த்தியைக் குறைக்கலாமா? காடு நகரத்துடையதல்ல, மத்திய அரசின் கோகோனினோ தேசிய வனம். ஆனாலும் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நாலில் மூவர் சரி என்றார்கள். அடுத்தவன் நிலத்துக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்தச் சேறே பதில் சொல்லியிருக்கும். கடன் பத்திரமும் ஒருநாள் தீரும் என்பதால் பின்னர் தண்ணீர்க் கட்டணத்தோடு இதற்கென்று ஒரு சின்னத் தொகையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் உரசிப் பார்த்ததில் எனக்கு அந்தத் தண்ணீர் பில்தான் முதலிடம். டிக்கெட் இரண்டாவது, நேபாளத்து 25 சதவீதம் அதோடு ஒட்டி. பில் மாதாமாதம் வரும், சுற்றுலாப் பருவம் பார்க்காது, விற்க மூங்கில் இல்லாத புதர்க்காட்டுக்கும் போய்ச் சேரும். பணத்தை மாநகராட்சிக் கணக்கில் போட்டால் அது சாலைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் தேக்கடி மாதிரி தனி அறக்கட்டளை, காசோலையில் கிராமக் குழுவின் கையெழுத்தோடு.

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பில்லூர்த் தண்ணீர். பரளிக்காட்டில் பரிசல் சுற்றும் அதே தேக்கம். கோயம்புத்தூரில் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, சிறுவாணிக்கு என்ன செய்வாய், அணையும் காடும் கேரளத்தில் அல்லவா என்பது. உண்மைதான், பில்லூருக்கு வரும் பவானியே கேரளத்து அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் பில்லூர் அணைக்கு மேலே தெரியும் சரிவுகள் நம் பக்கம்தான். அங்கே உண்ணிச்செடி பிடுங்க ஒரு நாள் கூலி எவ்வளவு என்று பரிசல் ஓட்டிய இளைஞரிடம் கேட்டேன். "எத்தனை வருஷத்துக்குங்க அண்ணா?" என்று திருப்பிக் கேட்டார்.