மணல் வளவில் நாலாவது வருஷம்: தோட்டம் போடலாமா?

அக்கரைப்பற்றில் வீடு கட்டி முடித்த கூட்டாளி நேற்றுக் கேட்டான்: "மச்சான், வளவு சும்மா கிடக்கு. மரக்கறித் தோட்டம் போடவா?"

2022இல் சாமான் விலை ஏறியபோது மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வளவில் தொடங்கினேன். கத்தரி, வெண்டி, பயிற்றை, கொச்சி மிளகாய், ஒரு பாகல் பந்தல். நாற்று, எரு பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என்னைப் படுத்துவது தண்ணீர். இந்தக் கரையோர மணலில் ஊற்றுவது வேரில் தங்காது, போட்ட எருவின் சத்தையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் விடியற்காலையில் ஊற்றியது பத்து மணிக்கே காய்ந்து, வெண்டி இலை தொங்கிப்போய் நிற்கும். இரண்டு நேரமும் ஊற்றியே ஆக வேண்டும். திருகோணமலையில் தங்கச்சி வீட்டில் ஓர் இரவு தங்கி எவ்வளவு காலம்!

போன கிழமை தண்ணீர் மோட்டரின் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. இரண்டு நாளில் திருத்தித் தருவதாகச் சொன்ன கடைக்காரர் ஐந்தாம் நாள்தான் தந்தார். அதுவரை காலையில் நாற்பது வாளி, பின்னேரம் நாற்பது வாளி கிணற்றிலிருந்து அள்ளினேன். அப்படியும் கொச்சி பாதி போய்விட்டது.

ஆனால் பயிற்றையைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வெயில் ஏறுமுன் பாத்தியடிக்குப் போனால் இரண்டிரண்டு காயாகத் தொங்கும், காம்பில் எறும்பு ஊரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிடுங்க வேண்டும். தவறினால் விதை புடைத்து நாராகிவிடும். காலையில் பிடுங்கி மத்தியானம் பால்கறி வைத்தால், சந்தையில் வாங்கும் காய்க்கு அந்த ருசி வரவே வராது. பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரு பிடி போகும்.

அந்தப் பயிற்றை நிற்கும் பாத்தியில் மட்டும் போன வருஷம் ஒன்றரை அடி வெட்டி, தேங்காய்ப் பொச்சைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மாட்டெருவும் மண்ணும் போட்டேன். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மோட்டர் இல்லாத அந்த ஐந்து நாளும் ஒரு நேரத் தண்ணீரிலேயே அது தாக்குப் பிடித்தது. முதல் வருஷமே இதைச் செய்யாமல் விட்டேனே என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

சரி, போடலாமா? இந்தக் கிழமை கேட்டால் வேண்டாம் என்பேன். தோள் இன்னும் வலிக்கிறது. கூட்டாளி வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் ஆளில்லை. அவனிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் புரட்டாசியில், மழைக்கு முன், மற்ற மூன்று பாத்தியையும் வெட்டப் போகிறேன். பொச்சுக்குச் சொல்லியாயிற்று.