வெப்சைட் முகவரிகளை மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் லாட்ஜ் இருக்கிறது. பதினெட்டு அறைகள். தங்குபவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளியை அழைத்துக்கொண்டு வருபவர்கள். ஏ.சி. உண்டா என்று அவர்கள் கேட்பதில்லை. கேஸ் அடுப்பு உண்டா, பாத்திரம் வாடகைக்குக் கிடைக்குமா, அறையில் மீன் சமைக்கலாமா என்றுதான் கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லி 2013 முதல் ஒரு வெப்சைட் நடத்துகிறோம். தமிழ், ஆங்கிலம், வங்காளம் மூன்றிலும் சேர்த்து அறுபது பக்கங்கள். கூகுளில் தேடினால் எங்கள் "சமையல் வசதியுள்ள அறைகள்" பக்கம் மேலேயே வரும். பாதி புக்கிங் அந்த ஒரு பக்கத்தால்தான் நடந்தது.

போன ஆண்டு ஹோஸ்டிங் புதுப்பிக்க வந்த உள்ளூர் நிறுவனத்துக்காரர், "சார், உங்கள் முகவரிகளின் வாலில் கேள்விக்குறியும் நம்பருமாக இருக்கிறது. கூகுளுக்கு இது பிடிக்காது. சொற்களாக மாற்றினால் முதலிடம்தான்" என்றார். நம்பினேன். 38,000 ரூபாய் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் போன் அழைப்புகள் குறையத் தொடங்கின. ஒரு நாள் அதிகாலை அசன்சோலைச் சேர்ந்த ஓர் அம்மா காட்பாடி ஜங்ஷனிலிருந்து கூப்பிட்டார். முந்தைய முறை வந்தபோது நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "காட்பாடியிலிருந்து லாட்ஜுக்கு வரும் வழி" லிங்கைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதைத் தொட்டால் வழியும் இல்லை, ஆட்டோ கட்டணமும் இல்லை. கோட்டையின் பெரிய படத்தோடு முகப்புப் பக்கம்தான் திறக்கிறது. "தாதா, லாட்ஜை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். கீமோ முடிந்து பலவீனமாக இருந்த கணவரைப் பெட்டியின்மேல் உட்கார வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. இன்னும் என் காதில் இருக்கிறது.

நிறுவனத்தைக் கேட்டேன். "கூகுள் அப்டேட் சார், எல்லோருக்கும் இறங்கியிருக்கிறது. மாதம் 9,000 கொடுத்தால் மீட்டுத் தருகிறோம்" என்றார்கள்.

கணினி படிக்கும் என் அக்கா மகள் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தாள். நம் பக்கங்கள் கூகுள் தேடலில் எப்படி இருக்கின்றன என்று வெப்சைட் உரிமையாளருக்குக் கூகுளே காட்டும் இடம் அது. "மாமா, அப்டேட்டும் இல்லை ஒன்றும் இல்லை. இங்கே பாருங்கள்" என்று காட்டினாள். ஒரு பக்கத்தின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருபவரை அதே விஷயமுள்ள புது முகவரிக்கு அனுப்ப வேண்டும். நிரந்தர மாற்றம் என்று கூகுளுக்குச் சொல்லும் 301 ரீடைரக்ட் அதற்குத்தான். அப்படிச் செய்தால் பழைய பக்கம் சேர்த்து வைத்த மதிப்பு புதிய பக்கத்துக்குப் போய்விடும். இவர்கள் அறுபது பழைய முகவரிகளையும் ஒரே வரியில் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். கேட்டது ஒன்று, கிடைப்பது வேறு என்று கண்டு, கூகுள் அவற்றை "சாஃப்ட் 404" என்று, அதாவது இல்லாத பக்கங்களாக எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அந்த ஒரு வரியில் போனது. பக்கங்களுக்குள் இருந்த லிங்குகளும், எங்கள் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிட்டுச் சொல்லும் சைட்மேப்பும்கூடப் பழைய முகவரிகளையே காட்டிக்கொண்டிருந்தன.

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது பில். அதில் "கூகுளில் முகவரி மாற்றப் பதிவு, ரூ. 4,000" என்று ஒரு வரி. சர்ச் கன்சோலில் அப்படி ஒரு வசதி உண்டு, ஆனால் டொமைனை, அதாவது வெப்சைட்டின் பெயரையே, மாற்றுபவர்களுக்கு மட்டும். எங்கள் டொமைன் மாறவே இல்லை. செய்யவே முடியாத வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன அடிப்படைக் காரணமும் சரியில்லை: முகவரியில் உள்ள சொற்களால் தர வரிசையில் பெரிதாக எதுவும் மாறாது என்று கூகுளின் தொடக்க வழிகாட்டியே சொல்கிறது. எங்கள் கேள்விக்குறி முகவரிகள் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

உங்களிடமும் யாராவது இப்படி வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பட்டியல் கேளுங்கள்: இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அது போய்ச் சேர வேண்டிய புது முகவரி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. தயங்கினால் அனுப்பிவிடுங்கள். மாற்றம் முடிந்த அன்றே பத்துப் பழைய லிங்குகளை நீங்களே தொட்டுப் பாருங்கள். சர்ச் கன்சோல் உங்கள் பெயரில் இருக்கட்டும். ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓராண்டாவது எடுக்கக் கூடாது என்பது கூகுளின் அறிவுரை. நான் எடுக்கவே போவதில்லை. எங்கள் லிங்குகள் எத்தனை பேருடைய போனில் கிடக்கின்றன என்று எனக்கு எப்படித் தெரியும்?

பழைய முகவரிகளை அக்கா மகள்தான் தேடிச் சேர்த்தாள். சர்ச் கன்சோலில் பதினாறு மாதக் கணக்கு இருந்ததால் பெரும்பாலானவை கிடைத்தன. மீதியை, வெப்சைட்டுகளின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் பிடித்தாள். மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தோடு இணைத்தாள். சில வாரங்களில் சமையல் அறைப் பக்கம் மேலே வந்துவிட்டது. வங்காளப் பக்கங்கள் பலவும் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. 4,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இரண்டு கடிதம் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான்.