ஏற்காட்டில் பழைய டிரம்ஸ் செட் வாங்கி 85,000 ரூபாய் ஏமாந்தேன்

நேற்று ராத்திரி அதே ஆள் அதே ஆப்பில் இன்னொரு செட்டைப் போட்டிருப்பதைப் பார்த்தேன். அதே வராண்டா, அதே கம்பளி. யாராவது இன்று அட்வான்ஸ் அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பயந்துதான் அவசரமாக எழுதுகிறேன். பழைய டிரம்ஸுக்கு வயது பார்ப்பது எப்படி, எது நியாயமான விலை என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் 85,000 போன கதை.

சேலத்தில் கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் பண்டிகை என்று பதினோரு வருஷமாக ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. வாசிக்கத் தெரியும், ஷெல்லுக்குள், அதாவது டிரம்மின் மரக்கூட்டுக்குள், எட்டிப் பார்க்கத்தான் தெரியவில்லை.

பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில் விளம்பரம் வந்தது: "பிரீமியர், இங்கிலாந்து, 1965, துரை பங்களா செட்." விற்பவர் ஏற்காட்டில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். அவருக்கு அறுபது வயது இருக்கும். போனதும் செட்டைக் காட்டவில்லை. முதலில் தோட்டத்துக் காப்பி வந்தது, அப்புறம் என் வாசிப்பைப் பற்றி விசாரணை. அரை மணி நேரம் கழித்துத்தான் கம்பளியை விலக்கினார். வேட்டி நுனியால் பேஸ் டிரம்மில் இருந்த கம்பெனி பேட்ஜை மெதுவாகத் துடைத்தார். தூசி போய் எழுத்து தெரிந்தது. நான் விழுந்தது அங்கேதான்.

"ரிங்கோ ஸ்டார் லட்விக் வாங்குறதுக்கு முன்னாடி எதை வாசிச்சாரு தெரியுங்களா தம்பி? இந்தக் கம்பெனிதான்" என்றார். அது நிஜம். பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ, லட்விக் என்ற அமெரிக்கக் கம்பெனி செட்டுக்கு மாறும் முன், 1963 வரை பிரீமியர்தான் வாசித்தார். எனக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அவர் சொன்ன மற்றதெல்லாமும் நிஜமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். துரை ஊருக்குப் போகும்போது விட்டுப் போனது, நடுவில் கொஞ்ச நாள் மாடர்ன் தியேட்டர்ஸ் வாத்திய கோஷ்டியில் இருந்தது என்றெல்லாம் சொன்னார். சேலத்துக்காரனிடம் எங்கள் ஊர்ப் பழைய சினிமா கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸ் பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1,10,000 சொல்லி, "நீங்க வாசிக்கிறவரு, வாங்கி விக்கிறவரு இல்ல" என்று 85,000-க்கு இறங்கினார். ஆப் வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடும் என்றதால் 5,000 போனில் அனுப்பினேன், மீதி 80,000 ரொக்கம். அதில் 40,000 என் மனைவி சீட்டு எடுத்த பணம். ரசீதில் "பழைய டிரம்ஸ் செட் 1" என்று மட்டும் எழுதியிருந்தார். கம்பெனி பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பாக்கெட்டில் வைத்தவன் நான்தான். குட்டியானைக்குத் தனியாக 2,200.

வீட்டுக்கு வந்ததும் டாம்களுக்கு (பேஸ் டிரம்முக்கு மேலேயும் பக்கத்திலும் இருக்கும் டிரம்கள்) புது ஹெட், அதாவது அடிக்கும் தோல், வாங்கி மாட்டினேன். 12 இன்ச்சும் 16 இன்ச்சும் கச்சிதமாக உட்கார்ந்தன. சந்தோஷத்தில் ஸ்டேட்டஸ் வேறு போட்டேன்.

ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு அம்மாப்பேட்டையிலிருந்து எங்கள் பழைய டிரம்மர் அண்ணன் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் காலத்து ஹெட் அப்படியே உட்கார்ந்துச்சா? அப்ப இது 65 இல்லடா." 1960களின் பிற்பகுதி வரை பிரீமியர் டாம்கள் இன்றைய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமாம். சாதாரண ஹெட் அதில் ஏறாது. அதற்கென்று தேடித்தான் வாங்க வேண்டும். பிற்பாடுதான் எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுக்கு மாறினார்கள். நான் எதைப் பார்த்துக் குதித்தேனோ, அதுவே சாட்சி.

அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு லக்கை, அதாவது ஹெட்டை இறுக்கும் போல்ட் மாட்டுகிற உலோகத் துண்டை, கழற்றினார். ஷெல்லின் மேல் ஒட்டியிருக்கும் பழைய ஒட்டுத்தாள் வெயில் பட்டு வெளுக்கும், லக்குக்கு அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே நிற்கும். இதில் லக்குக்கு அடியிலும் வெளியேயும் ஒரே நிறம். ஷெல்லின் உள்பக்கம் தடித்த பிளைவுட், பழைய பிரீமியரில் விளிம்பில் இருக்கும் மர வளையமே இதில் இல்லை. வேண்டாத இரண்டு ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்து மேலே பிரவுன் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் இன்னும் பசை வாசனை. பேட்ஜ் மட்டும் ஒரிஜினல். எங்கிருந்தோ பிடுங்கிப் புது ரிவெட் அடித்திருக்கிறார்கள். சேலத்திலேயே உள்நாட்டுப் புது செட் இதைவிட எவ்வளவோ மலிவு. நான் கொடுத்தது 85,000.

அன்றைக்கே போன் போட்டேன். "மலையில மழைங்க, சத்தம் கேக்கல." மறுநாள்: "நீங்களே தட்டிப் பார்த்துத்தானுங்களே எடுத்தீங்க?" அதற்கு மறுநாள் மகன் எடுத்தார்: "அப்பா கோயமுத்தூர் போயிருக்காருங்ணா." புதன்கிழமை நேரிலேயே போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று புதுசாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. போன தடவை அது இல்லை, சத்தியமாக இல்லை. உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டதும் நின்றுவிட்டது.

ஆப்காரர்கள் அதற்கு மேல். பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நாலு வரி. பதில் எழுதுவதற்குள் புகாரை முடித்துவிட்டார்கள். ஐந்து ஸ்டார் கொடுங்கள் என்று மட்டும் மறக்காமல் கேட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது அந்த ஒரு வரி ரசீதுதான்.

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை, நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். ஹெட்டைக் கழற்றிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். பேட்ஜை வைத்து வருஷம் முடிவு பண்ணாதீர்கள். லட்விக்கில் சீரியல் நம்பரே 1963 வாக்கில்தான் வந்தது. அந்த நம்பர் போட்ட பேட்ஜையும் வரிசையாக ஒட்டவில்லை. ஷெல்லுக்குள் மையில் குத்திய தேதி இருந்தால் அதைப் பாருங்கள். டாமா என்ற ஜப்பான் டிரம்ஸ் பெயரே 1974-ல் வந்ததுதான், "60களின் டாமா" என்று யாராவது சொன்னால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள். கூடுதல் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் விலையைக் குறையுங்கள். கம்பெனி, வருஷம் இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

துரை பங்களா என்று சொன்னால் எந்த எஸ்டேட், துரை பேர் என்ன என்று கேளுங்கள். நான் கேட்கவே இல்லை.