நாலு வருஷம் உழைத்த பூட்ஸ், என்னை அலைக்கழித்த சைஸ்

போன வாரம் பெரியமேட்டில், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த என் வேலை பூட்ஸுக்குச் சோல் மாற்றினேன். பழைய சோலைப் பிரித்த பெரியவர், என் செல்போன் டார்ச்சை வாங்கி பூட்ஸுக்குள் அடித்தார். "இங்க பாருங்க சார், உங்க காலு!" குதிகால் இருந்த இடத்தில் ஒரு குழி. பெருவிரலுக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்தில் இன்னொன்று. முன்னால் ஐந்து விரலும் தனித்தனியாக, ஈர மண்ணில் மிதித்தது போல, உள்தோலில் கறுப்பாகப் பதிந்திருந்தன. நாலு வருஷம் தினமும் பத்து மணி நேரம் போட்டதன் அடையாளம். பார்த்ததும் மனசு நிறைந்துபோனது.

அன்று சாயங்காலமே பட்டறையில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நானும் அதையே வாங்கலாம்னு இருக்கேன். என்ன சைஸ் போடட்டும்?" சட்டென்று ஒரு எண்ணைச் சொல்லிவிட என்னால் முடியவில்லை. இந்த பூட்ஸில் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அந்த எண் மீதுதான்.

தோல், தையல், சோலை மேல்தோலோடு சேர்க்கும் 'வெல்ட்' பட்டை பற்றியெல்லாம் குறையே இல்லை. வெல்டிங் பொறி பட்டிருக்கிறது, கிரீஸ் ஊறியிருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது. மாதம் ஒருமுறை எண்ணெய் தடவினால் பழையபடி மிருதுவாகிவிடும். சரி, அது போகட்டும்.

இது நான் வாங்கிய இரண்டாவது ஜோடி. முதல் ஜோடியை இப்போது மச்சான் போட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்போர்ட்ஸ் ஷூவில் என் சைஸ் 9. நம் கடைகளில் கேட்பது பெரும்பாலும் இங்கிலாந்து அளவு. அமெரிக்க அளவில் அது ஏறக்குறைய 10. விற்றவர்களிடம் எழுதிக் கேட்டபோது "நீங்கள் வழக்கமாகப் போடும் அளவையே எடுங்கள்" என்றார்கள். நம்பி 10 எடுத்தேன்.

வந்ததைப் போட்டு நின்றபோது நன்றாகத்தான் இருந்தது. குந்தி உட்கார்ந்தபோது தெரிந்தது. என் கால் மடங்கும் இடம் ஒன்று, பூட்ஸ் மடங்கும் இடம் அதற்கு முன்னால் வேறொன்று. தோல் மடிந்து விரல்கள் மேல் இறங்கியது. விரல்களைக் காக்க முன்னால் வைத்த இரும்புக் கவசமான ஸ்டீல் டோவின் பின்விளிம்பு சுண்டுவிரல் கணுவில் கத்தி மாதிரி பதிந்தது. தோலாக இருந்தால் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். 200 ஜூல் அடியைத் தாங்கவென்று வைத்த இரும்பு எப்படி விட்டுக்கொடுக்கும்? பதினோரு நாள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். திருப்பி அனுப்பலாம் என்றால் கூரியர் செலவும் கட்டிய சுங்க வரியும் சேர்ந்து பூட்ஸ் விலையில் பாதியைத் தாண்டியது.

அப்புறம்தான் விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலேய, அமெரிக்க அளவுகளில் ஒரு சைஸ் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பார்லி மணியின் நீளத்தை வைத்து வந்த பழைய கணக்கு. சுமார் எட்டரை மில்லிமீட்டர். அமெரிக்கக் கடைகளில் பிரானக் என்ற உலோக அளவுகோலில் காலை வைக்கச் சொல்வார்கள். 1920களில் சிரக்கியூஸ் நகரத்துச் செருப்புக்கடைக்காரர் மகன் சார்லஸ் பிரானக் செய்தது. அது குதிகாலிலிருந்து விரல் நுனி வரை மட்டும் அளப்பதில்லை. குதிகாலிலிருந்து கால் மடங்கும் எலும்பு வரையும் அளக்கும், அகலத்தையும் அளக்கும். என் கால் நீளம் 26.2 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் நான் அமெரிக்க அளவில் வெறும் 9. நான் இத்தனை வருஷம் பெரிய சைஸ் போட்டது கால் நீளம் என்பதால் இல்லை, அகலம் என்பதால். ஸ்போர்ட்ஸ் ஷூ துணி நெகிழ்ந்து அதை மறைத்துவிட்டது. எனக்கு வேண்டியது 9, ஆனால் சாதாரண 'டி' அகலம் இல்லை, அதைவிட அகலமான 'இரட்டை ஈ'. இதை அந்த விற்பனையாளர் ஒரு வரியில் கேட்டிருக்கலாம்: "உங்கள் கால் அகலமா?" கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

இது என் கால் மட்டும் சம்பந்தப்பட்ட பிரச்சினை இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளவு எடுத்து, நம் கால்கள் பொதுவாக அகலமானவை என்று கண்டு, 'பா' என்ற இந்திய அளவுமுறையை முன்வைத்திருக்கிறது. அது கடைக்கு வந்து சேரட்டும், முதல் ஆளாக நான் வாங்குகிறேன்.

ஞாயிறு சாயங்காலம் அந்தத் தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். காலையில் அளந்தால் தப்பாகும், நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸோடு, சுவரில் குதிகாலை ஒட்டி, அட்டை மேல் நிற்க வைத்துப் பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு இழுத்தேன். இடது கால் நாலு மில்லிமீட்டர் பெரிது. கிட்டத்தட்ட அரை சைஸ். அவனுக்கே ஆச்சரியம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். ஸ்டீல் டோவை விரலால் அமுக்கிப் பார்க்க முடியாது என்பதால், லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும் என்றும் சொன்னேன். புதிதில் குதிகால் கொஞ்சம் தூக்கும், சோல் மடங்கப் பழகியதும் நின்றுவிடும். பக்கவாட்டில் இறுக்கினால் தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். நீளத்தில் இடித்தால் ஒருநாளும் கொடுக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா நீ இதை வாங்காதே, ஆம்பூருக்குப் போய் காலில் மாட்டி நடந்து பார்த்து வாங்கு" என்றேன். "இவ்வளவு நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே அண்ணே" என்று மல்லுக்கு நின்றான். நல்ல பூட்ஸ்தான். புது சோலோடு இன்னும் நாலு வருஷம் இதையே போடுவேன். ஆனால் காலில் போட்டுப் பார்க்காமல் இன்னொரு ஜோடிக்கு நான் பணம் கட்ட மாட்டேன். அட்டையைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினேன்.