கும்பகோணத்துப் பார்க்கின்சன் அறக்கட்டளை: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

என் தந்தை திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். அவருடைய பேரேட்டில் எழுத்து சிறுத்துக்கொண்டே போவதை முதலில் கவனித்தவர் ஆலை முதலாளிதான். வரியின் தொடக்கத்தில் வழக்கமான அளவில் இருக்கும் எண்கள் வலது ஓரத்தை எட்டும்போது கடுகாகிவிடும். கண்ணாடியை மாற்றுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கும் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே, புழுங்கலுக்கு நெல் ஊறும் தொட்டியின் வாடையைப் பற்றி அவர் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டிருந்தார். மூக்குக்குப் பழகிவிட்டது என்று நினைத்தோம். மோப்பம் குறைவதும் எழுத்து சிறுப்பதும் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் என்பதை, நோய் உறுதியாகி ஓராண்டு கழித்து, கும்பகோணத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மாதக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

அந்த அறக்கட்டளையின் பெயரை இங்கே எழுதவில்லை. நிறைகளோடு குறைகளையும் சொல்லப்போகிறேன். நடத்துபவர்கள் ஊதியம் வாங்காத நான்கைந்து பேர். நோயாளர் ஆதரவு, உரிமைக்கான பரப்புரை, ஆராய்ச்சிக்கு உதவி ஆகிய மூன்றும் தங்கள் பணி என்று அவர்களுடைய துண்டறிக்கை சொல்கிறது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது என்பதுதான் பதினான்கு மாதப் பழக்கத்தில் எனக்குப் பட்டது.

முதலில் நோயாளர் ஆதரவு. மூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் வரும் இந்த நோய்க்கு, அறுபதுகளில் புழக்கத்துக்கு வந்த லெவோடோபாதான் இன்றைக்கும் முதன்மையான மருந்து. அப்பாவுக்கு அது ஒரு நாளைக்கு நான்கு வேளை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. காலை வேளை மாத்திரையை அவர் இட்லி, சாம்பாரோடு சாப்பிட்டு, மேலே ஒரு டம்ளர் பாலும் குடிப்பார். பத்து மணிக்கும் கை கால் இறுக்கம் விடாது. மருந்தின் அளவு போதவில்லை என்று நாங்கள் மருத்துவரிடம் சொல்ல, அவர் அளவைக் கூட்ட, மதியத்தில் தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம். இரண்டாவது கூட்டத்தில் ஒரு தன்னார்வலர், ஓய்வுபெற்ற செவிலியர், அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, கூடவேயா?” என்பதுதான். லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களோடு குடலிலும், பிறகு மூளைக்குள் நுழையும் இடத்திலும் அது போட்டிபோட வேண்டியிருக்கிறது என்று அவர் விளக்கினார். உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக மாத்திரையை எடுக்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவரச் சொல்லி, ஒரு நேரக் குறிப்புத் தாளையும் கொடுத்தார். அந்தத் தாளில் மணிவாரியாக மூன்றே கட்டங்கள்: மாத்திரை, உணவு, உடம்பு எப்படி இருக்கிறது. கணக்குப்பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த வேலை ஏது? மூன்று வாரம் நிரப்பிய தாளைப் பார்த்த மருத்துவர், கூட்டிய அளவைப் பழையபடி குறைத்தார். மாத்திரையை மாற்றச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பிய அந்த எச்சரிக்கைக்காகவே இந்த அமைப்பின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாவது உதவி எங்கள் வீட்டு நிலைப்படியில் நடந்தது. சமதளத்தில் ஓரளவு நடக்கும் அப்பா, கூடத்திலிருந்து அறைக்குள் போகும் நிலைவாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். நாங்கள் கையைப் பிடித்து இழுப்போம். இழுத்தால் மேல்உடம்பு முன்னால் வரும், பாதம் வராது. ஒருமுறை கதவில் நெற்றி மோதி இரத்தம் வந்தது. கூட்டத்துக்கு வரும் இயன்முறை மருத்துவர், இழுப்பதை முதலில் நிறுத்தச் சொன்னார். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் கண் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், தானாக நகராத கால் கோட்டைத் தாண்டுவதற்காகத் தூக்கும் என்று சொல்லி, மண்டபத்துத் தரையில் ஒட்டுநாடாவை ஓரடிக்கு மேல் இடைவெளி விட்டு ஒட்டிக் காட்டினார். எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமென்டுத் தரையில் நாடா இரண்டு நாளில் உரிந்துவிட்டது. அம்மா கோலமாவை அரைத்துப் பசையாக்கி, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் மூன்று என்று பட்டை இழுத்தார், வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பிக்கிறார். அப்பா “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிக்கொண்டு தாண்டுகிறார். எல்லா நாளும் இது பலிப்பதில்லை. மாத்திரையின் வேகம் தேய்ந்த நேரத்தில் கோடும் உதவாது. குரல் பயிற்சியும் உண்டு. வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வைப்பார்கள். அப்பாவுக்கு அதில் அக்கறை இல்லை.

பரப்புரையில் இவர்களுக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியபோது, நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகளின் கீழ் பார்க்கின்சன் நோயையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. இது பலருக்குத் தெரியாது. சான்றிதழ் தொடர்பான ஓர் அலுவலகத்தில் இருந்தவருக்கே தெரியவில்லை. “கை நடுங்குறதுக்கெல்லாமா?” என்று அவர் கேட்டபோது, எங்களோடு வந்திருந்த தன்னார்வலர் சட்டத்தின் அட்டவணையை அச்செடுத்து வைத்திருந்ததைப் பையிலிருந்து எடுத்து, உரிய வரியில் விரலை வைத்துக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

பாதி மதிப்பெண் குறைந்தது ஏப்ரல் 11 அன்று. 1817-இல் இந்த நோயைப் பற்றிக் கட்டுரை எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பிறந்தநாளான அது, உலக பார்க்கின்சன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. டெல்டாவில் யாரும் கையில் தொட்டிராத சிவப்புத் துலிப் பூவை, அதுதான் இந்த நோய்க்கான உலக அடையாளம் என்பதால், பத்தடி பிளெக்ஸில் அச்சடித்திருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பத்தரைக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி, சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்து, பொன்னாடைகள் போர்த்தி முடியப் பதினொன்றே முக்கால் ஆனது. மாத்திரை நேரத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அமைப்பே, முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை மாத்திரையின் வேகம் இறங்கும் வரை நாற்காலியில் உட்கார வைத்தது. உணவுக்கு அழைத்தபோது பலரால் எழுந்திருக்க முடியவில்லை.

பெரிய குறை ஆராய்ச்சியில். ஒரு மரபணு ஆய்வுக்காக இரத்த மாதிரி கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு: இந்த நோயின் மரபணுத் தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வழித்தோன்றல்களிடமிருந்து வந்தது, மேலை நாடுகளில் அதிகம் பேசப்படும் எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றம் ஒன்று இந்தியர்களிடம் மிக அரிதாகவே கிடைத்திருக்கிறது. நம் மக்களின் மாதிரிகள் இல்லாமல் நமக்கான விடை கிடைக்காது. ஆனால் ஒப்புதல் படிவம் ஆறு பக்கமும் ஆங்கிலத்தில் இருந்தது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விவரம் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. வாயால் விளக்குகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வாழ்நாளெல்லாம் வரவு செலவைச் சரிபார்த்தே கையெழுத்திட்டவர் என் அப்பா, மறுத்துவிட்டார். தமிழ்ப் படிவம் மூன்று மாதம் கழித்து வந்தது. படித்தார், இட்டார்.

ஆண்டறிக்கையில் “ஆராய்ச்சி உதவி” என்று ஒரே வரி, ஒரே தொகை. யாருக்கு, எந்த ஆய்வுக்கு என்ற விவரம் இல்லை. அமெரிக்காவில் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000-இல் தொடங்கிய அறக்கட்டளை, தான் நிதி தந்த ஆய்வுகளைப் பட்டியலிட்டு யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. 2010-இல் அது தொடங்கிய நீண்டகால ஆய்வின் தரவுகளை மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். 2023-இல், முதுகுத் தண்டுவட நீரில், இந்த நோயில் நரம்பணுக்களுக்குள் திரளும் ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதத்தின் பிறழ்வைக் கண்டறியும் சோதனையின் முடிவு அந்த ஆய்விலிருந்தே வெளிவந்தது. அதன் பணபலத்தோடு கும்பகோணத்து அமைப்பை ஒப்பிடுவது முறையல்ல என்பது தெரியும். பட்டியல் போடுவதற்குப் பணம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், “வரப்புக்கு மருந்து அடிச்சு அடிச்சுத்தான் இது வந்துச்சா?” என்று கேட்டார். பாராக்வாட் என்ற களைக்கொல்லி, ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. பாராக்வாட் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதிக்கப்படுவதில்லை. தனி ஒருவருக்கு எதனால் வந்தது என்று அதைக் கொண்டு உறுதி சொல்ல முடியாது. மேடையில் இருந்தவர் இதையாவது சொல்லியிருக்கலாம். “அதெல்லாம் இப்போது வேண்டாம்” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நெல் விளையும் ஊரில் இயங்கும் அமைப்பு முதலில் பேச வேண்டிய பொருள் இது.

போக நினைப்பவர்களுக்கு: கூட்டம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கிறது. மண்டபம் தரைத்தளத்தில்தான், ஆட்டோ வாசல்வரை வரும். மேற்கத்திய கழிப்பறை ஒன்றே ஒன்று. கட்டணம் இல்லை. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்றாலும், அந்தச் சலுகையைக் கோர மே மாதத்துக்குள் வர வேண்டிய 10பிஇ என்ற நன்கொடைச் சான்று எனக்கு ஜூலையில், மூன்று முறை தொலைபேசியில் கேட்ட பிறகே வந்தது. நன்கொடைச் சீட்டில் எந்தப் பணிக்கு என்று குறிக்க இடம் இருக்கிறது. இந்த ஆண்டு நோயாளர் ஆதரவுக்கும் பரப்புரைக்கும் மட்டும் குறியிட்டுக் கொடுத்தேன். ஆராய்ச்சிக்கான விவரத்தைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.